மாமனுக்குக் கொடுத்த வளையல்

சந்தைச் சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த படத்துச் சிப்பாயை யாரோ கல்யாண மாப்பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். தலைப்பாகை, முறுக்கிய மீசை, பளபளக்கும் பொத்தான்கள். துப்பாக்கியை ஏன் பிடித்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. அடியில் பெரிய எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர், 'உன் ஊர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் சண்டை நடந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டு ஊர்களிலிருந்தும் பட்டாளத்துக்கு ஆள் வேண்டும் என்று கீழேயிருந்து உத்தரவு வந்திருந்தது. பக்கத்து வீடுகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் சத்தமாகப் பேசுவார்கள், "ஆம்பளை இருக்கற ஊடுன்னா அது தெரியோணுமில்ல" என்று. எங்கள் வீட்டில் இருந்த ஆம்பளை என் மாமன், அம்மாவின் தம்பி. காய்ச்சலில் அப்பா போனதிலிருந்து எங்கள் சாமைக் காட்டையும் தன் காட்டையும் அவர் ஒருவரே உழுதார். அந்தப் பேச்செல்லாம் காதில் விழாத மாதிரி ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். தனக்குப் பெண் கொடுக்கக்கூட இப்போது யாரும் வருவதில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் சிரித்தபடி சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அந்தச் சந்தை நாளில் ஆள் எடுக்க ஒரு தொப்பிக்காரர் மலையேறி வந்திருந்தார். சாவடி முன்னால் மேசை போட்டு, ஊர்க்கவுண்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். யாரும் பேர் கொடுக்க முன்வரவில்லை. பிறகு அவர் எங்களைப் போன்ற சிறுபெண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கை நிறையக் கண்ணாடி வளையல்களைக் கொடுத்தார்.

"பட்டாளத்துக்குப் பேர் குடுக்காத ஆம்பளைங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுங்க. மிச்சமிருந்தா உங்களுக்கு" என்றார்.

கண்ணாடி வளையலை நான் அதுவரை தொட்டுப் பார்த்தது கிடையாது. இப்படி வாரிக் கொடுக்கிறாரே, எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். நாங்கள் நீட்ட நீட்ட, ஆண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் கூட்டத்தை விட்டே நழுவினார்கள். ஒருவர் பிடுங்கித் தரையில் போட்டு உடைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வளையல் மிஞ்சியது. பச்சை நிறம், ஓரத்தில் பொன் பொட்டுகள். நல்லதாகப் பார்த்து எனக்கென்று நானேதான் அதை ஒதுக்கி வைத்திருந்தேன்.

அப்போதுதான் மாமனைப் பார்த்தேன். சந்தைக்கு ஓரமாக, பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாருக்கும் கிடைத்தது, என் மாமனுக்குக் கிடைக்கவில்லையே என்று மனசு கேட்கவில்லை. வளையலை ஒருமுறை கையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினேன். ஓடிப்போய் அவரிடம் நீட்டினேன்.

"எனக்கா கண்ணு?"

"உங்களுக்குத்தான் மாமா. இருக்கறதுலயே இதுதான் நல்லது."

சந்தையே சிரித்தது. ஊர்க்கவுண்டரும் சிரித்தார். என் சாமர்த்தியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி நானும் சிரித்தேன். மாமன் அந்த வளையலை வாங்கி, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையில் நுழைத்துப் பார்த்தார். நாலு விரலைத் தாண்டி ஏறவில்லை. "நல்லாருக்குது சாமி" என்று என் தலையைத் தடவினார். பிறகு நேராக மேசைக்குப் போய்ப் பேர் கொடுத்தார்.

சேதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா வாசலிலேயே என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மாமன் நடுவில் வந்து நின்றார். "அடிக்காதீங்கக்கா. அது பிரியமாக் குடுத்தது. அதுகிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றார். சந்தையில் அவ்வளவு சிரித்த ஊர், அந்த ஒரு சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மாமனைப் பட்டாளத்துக்கு அனுப்பியதே நான்தான் என்று பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் "ஆமாங் கண்ணு" என்று நகர்ந்துபோனார்கள்.

மாமன் திரும்பி வந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு காது கேட்காமல், பாதி உடம்பாக வந்தார். அவர் இல்லாத வருஷங்களில் காட்டில் பாதி புதர் மண்டிப்போயிருந்தது. வந்த வாரமே அதை வெட்டித் திருத்த ஆரம்பித்தார். அவர் கண்மூடும்வரை வளையல் பேச்சை எடுத்ததில்லை.

நான் கல்யாணமாகி நாமக்கல்லில் குடியிருந்தபோது, ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியவர் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வளையல் வாங்கி அனுப்பப்போவதாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் மாமன் கிளம்பிய அந்தக் காலைதான் கண்ணுக்குள் நின்றது. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடம்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அம்மா காட்டு வரப்பிலேயே நின்றுவிட்டாள். பாதை முனையில் மாமன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கண்ணு, இங்கிருந்து திரும்பிப் பாக்காம ஊட்டுக்கு ஓடு. எத்தனை வெரசா ஓடறேன்னு மாமன் பாக்கோணும்" என்றார். குரல் கம்மியிருந்தது. பனியில் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஓடினேன். பட்டாளத்துக்காரரின் அக்கா மகள் தோற்கலாமா? "அப்படித்தான் சாமி, அப்படித்தான்" என்ற குரல் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை. மூச்சிரைக்க அம்மாவிடம் போய் நின்று, ஜெயித்த சந்தோஷத்தில் கத்தினேன்:

"ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலம்மா!"