படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் மேலாளருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவர். நான் தமிழ் பேசும் ராமாபுரத்துக்காரன், தமிழ் எழுதவும் தெரியும். அவரைக் கவிழ்க்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் எங்கள் சாயத் தொழிற்சாலை. கழிவுநீரை ஓடையில் விடுமுன் அதன் அமில அளவைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் குழாயைத் திறப்பது என் வேலை. ஏழு என்றால் கெடுதல் இல்லை; அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம். "சும்னே, சும்மா ஏழுனு எழுதுப்பா, யார் வந்து பாக்கறாங்க?" என்பார் மேலாளர். எல்லாம் வாய் உத்தரவுதான். என்னோடு தினமும் ரயிலில் வந்த சக பெண் ஊழியர் ஒருநாள், "எழுத்துல குடுங்க சார்" என்று கேட்டுவிட்டார். வேலை தெரியாதவர் என்று அன்று மாலையே கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு வேறு எந்த ஆய்வகமும் அவரைச் சேர்க்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் எனக்குள் வன்மமாக முற்றியது.

மறுநாளிலிருந்து ஏழு என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் தமிழில் சேர்த்தேன்: 'உண்மையில் மூன்று. மேலாளர் சொன்னதால் பொய் எழுதினேன்.'

"இதென்னப்பா கிறுக்கல்?"

"என் ஞாபகத்துக்கு சார்."

கையெழுத்துப் போட்டார். நான்கு மாதம், தினமும் போட்டார். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என் பெயர் போட்டே புகார் கொடுத்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைக் கைப்பற்றி, மேலாளர் முன்னாலேயே என்னைப் படிக்கச் சொன்னார். கண்ணால் படிக்கத் தெரியாதவருக்குக் காதால் எல்லாம் புரிந்தது. வேண்டுமென்றே மெதுவாக, பக்கம் பக்கமாகப் படித்தேன். அவர் முகம் வெளுத்ததை இன்றும் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன். கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

வேலை இழந்த அந்தத் தோழியின் வீட்டுக்கு அன்றே ஓடினேன். சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன்.

"எத்தன நாளுங்க எழுதுனீங்க?"

"நாலு மாசம். தப்பிக்கவே முடியாதபடி மாட்டிவிட்டேனுங்க."

"மொத வாரமே புகார் குடுத்திருந்தா பத்தாதுங்களா? ஓடைக்குக் கீழ இருக்கறவங்க மாடெல்லாம் அந்தத் தண்ணியத்தானுங்களே குடிச்சுது?"

முதல் வாரத்தோடு கொடுத்திருந்தால் வேறு யாரோ சொல்லி எழுதிய பொய் என்று மேலாளர் தப்பித்திருப்பார் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. எனக்கு அவர் முகம் வெளுப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நான்கு மாதமும் அந்தக் குழாயை நானே திறந்துவிட்டேன்.