விமானத்தில் அழாத தம்பி

வெந்நீரில் ஊறும் போஸ்தக்காய்க்கு ஒரு வாடை உண்டு. மழையில் நனைந்த வைக்கோலைப் போல, கொஞ்சம் கசப்பாக, தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கசகசா விதையை உதிர்த்த பிறகு மிஞ்சும் காய்ந்த ஓட்டைத்தான் அப்படிச் சொல்வோம். ஐம்பதுகளில் எங்கள் செங்கல்பட்டுக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், யாருக்கு என்றுகூடக் கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பல் முளைக்கிற பிள்ளை கத்தித் தீர்த்தால், அந்தத் தண்ணீரில் கற்கண்டைக் கரைத்து, 'பாலாடை' என்று நாங்கள் சொல்லும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் ஊற்றிப் புகட்டித் தூங்கவைப்பது பல வீடுகளில் நடந்த காரியம். நானும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான்.

எனக்கு ஒன்பது வயது, தம்பி காதருக்கு ஏழு மாதம். அத்தா, அதாவது எங்கள் அப்பா, சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தார். எங்களை அங்கே அழைத்துக்கொள்ள அவர் அலைந்து திரிந்து வாங்கிய 'பெர்மிட்டு'க்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அம்மா காய்ச்சலில் விழுந்து, நாங்கள் ஏற வேண்டிய கப்பல் போய்விட்டதால், அந்த நாளுக்குள் சேர விமானத்தை விட்டால் வேறு வழியில்லை என்று தந்தி வந்தது.

எங்கள் தெருவில் அதுவரை விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை; ஆனால் அதைப் பற்றித் தெரியாதவரும் ஒருவரும் இல்லை. அம்மாவின் அக்கா நூர் பெரியம்மா, வழியனுப்பக் கோவளத்திலிருந்து வந்திறங்கியதுமே சொன்னார்: "மேல அளந்து வச்ச காத்துதான் கீதாம். கொயந்த கத்த ஆரம்பிச்சா அத்தினி காத்தையும் அதுவே இழுத்துக்கும், மத்தவங்க மூச்சு முட்டிக் கெடக்க வேண்டியதுதான்."

எதிர்க்கடைக்காரர் விடவில்லை. "அத்த வுடு அக்கா. சத்தம் கேட்டு பைலட்டு திரும்பிப் பாத்தான்னு வையி, வண்டி நேரா கடலுக்குத்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. துரைமார் நடுவே பிள்ளை வீறிட்டால் என்ன செய்வது என்கிற ஒரே கவலைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

புறப்பட்ட அன்று விடியற்காலையில், அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், அடுப்படியில் அந்த வைக்கோல் வாடை அடித்தது. பெரியம்மா தம்பியை மடியில் போட்டு, ஒரு பாலாடை நிறையப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி மொறைக்கிற? உங்கம்மாகிட்ட சொல்லிக்காத. அவ பயந்தாங்கொள்ளி, வேணான்னுடுவா. சொன்னின்னா என் மய்யித்ததான் நீ பாப்ப, ஆமா!" என்றார். மய்யித்து என்றால் பிணம். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "உங்க பெரியப்பா மாமல்லபுரத்துக் கரையில என் வெள்ளத் துப்பட்டிய தூக்கிப் புடிச்சினு நிப்பாரு. ஜன்னலாண்ட குந்திகினு பாரு" என்று சமாதானம் சொன்னார்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியதும் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சும், கை நிறையப் பெப்பர்மிட்டும் கொடுத்தார்கள். தரை நழுவியபோது பெரியவர்களே கத்தினார்கள், தம்பி தூங்கினான். சன்னலில் கடற்கரை சாய்ந்துகொண்டு வந்தது; மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் சாக்பீஸ் துண்டாக நின்றது; அதனருகில் மணலில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அது பெரியம்மா போர்த்திக்கொள்ளும் துப்பட்டியாகவும் இருக்கலாம், அலையின் நுரையாகவும் இருக்கலாம். எனக்கோ மய்யித்தின் மேல் போர்த்தும் துணியாகத்தான் பட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். தம்பி நெளிந்து லேசாகச் சிணுங்கினான். உடனே அம்மா பையைத் திறந்து, துணி சுற்றிய ஒரு சிறு சீசாவையும் பாலாடையையும் எடுத்தார். மூடியைத் திருகியதும் அதே வைக்கோல் வாடை. பெரியம்மா பயந்தாங்கொள்ளி என்று நினைத்த அம்மாவும், அவருக்குத் தெரியாமல், முதல் நாளே ஊறவைத்து எடுத்து வந்திருக்கிறார்! நான் வாயைத் திறந்தேன். பெரியம்மாவின் மய்யித்து கண்முன் வந்தது. திறந்த வாயில் ஒரு பெப்பர்மிட்டைப் போட்டுக் கடித்து விழுங்கினேன். தம்பியும் விழுங்கினான்.

அதற்குப் பிறகு அவன் சிணுங்கவே இல்லை. பணிப்பெண் போகும்போதும் வரும்போதும் அவன் தலையைத் தடவி, இப்படி ஒரு சமத்துப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றாள். அம்மாவின் முகத்தில் பெருமை பொங்கியது. நான் போர்வைக்குள் கைவிட்டு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சில்லென்று இருந்தது. குளிருக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது. காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி. உள்ளே இருந்த குழந்தைகள் அத்தனையும் ஒரே குரலாக அலறின, எங்கள் குழந்தை ஒன்றைத் தவிர. எதிர் வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பட்டணத்து அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உன் புள்ளைக்கு இன்னாம்மா குடுத்த? எனக்கும் கொஞ்சம் குடேன், உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

"ரெண்டு பாலாடை" என்றேன் நான்.

அம்மா திரும்பினார். "ஒண்ணுதானேடி குடுத்தேன்?"

"ரெண்டு. காலையில பெரியம்மா ஒண்ணு."

அம்மா போர்வையை உதறி எறிந்தார். பிள்ளையின் தொடையைக் கிள்ளினார்; முகத்தில் தண்ணீரை அடித்தார்; உள்ளங்காலில் அறைந்தார். "அழுடா, கண்ணு, அழுடா!" என்று அவர் கத்தியது எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. காலையிலிருந்து எது வரக்கூடாது என்று பயந்தாரோ, அதற்காக அத்தனை பேர் நடுவிலும் மன்றாடினார். சக்கரம் தரையைத் தொட்டபோதும் தம்பி கண் திறக்கவில்லை.

பெர்மிட்டையும் பெட்டிகளையும் அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் உச்சிப்பொழுதில்தான் அவன் அழுதான். கிழிந்த காகிதம் போன்ற ஒரு மெல்லிய சத்தம். அத்தா தூக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து, "தூக்காதீங்க, அழட்டும்" என்றார்.

பெரியம்மாவுக்கு என்னைத்தான் அம்மா கடிதம் எழுதச் சொன்னார். 'பிள்ளை வழியெல்லாம் நன்றாகத் தூங்கினான்.' அவ்வளவுதான். துப்பட்டி தெரிந்ததா என்று மட்டும் கேட்டுப் பதில் வந்தது. தெரிந்தது என்று எழுதினேன்.

பெரியம்மா இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. அந்த மருந்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போஸ்தக்காய் என்றால் முழிக்கிறார்கள். காதர் எழுபதைத் தாண்டி, பேரன்களை அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். போன மாதம் அவனைப் பார்க்கச் சிங்கப்பூருக்குப் போனேன். பஞ்சும் இல்லை, பெப்பர்மிட்டும் இல்லை. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை ஏறியது முதல் அழுதுகொண்டே வந்தது. பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். "சாரி ஆன்ட்டி, தூங்குறதுக்கு ஒரு சிரப் குடுத்துக் கூட்டிட்டு வான்னாங்க, நான்தான் கேக்கல" என்று குழந்தையின் தாயான அந்தச் சின்னப் பெண் என் பக்கம் திரும்பிக் கண்கலங்கினாள். "அழட்டும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

இறங்கும் நேரத்தில் அழுகை சட்டென்று நின்றது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, பணிப்பெண் அதட்டுவதையும் பொருட்படுத்தாமல், முன்வரிசைக்கு மேலாகக் குனிந்து, அந்தக் குழந்தையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.