பாண் பொங்காத சனிக்கிழமை

புளித்துக்கொண்டிருக்கும் கோதுமை மாவில், கனிந்து கருத்த வாழைப்பழத்தையும் காயாத துணியையும் சேர்த்து முகர்ந்தது போன்ற ஒரு வாசனை வரும். எங்கள் வீட்டில் அது வரத் தொடங்கும் நேரத்தில் நானும் தம்பிகள் இருவரும் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த ஒரே "கம்பளி" அப்போது மாப் பானையைச் சுற்றியிருக்கும். ஐம்பதுகளின் நடுவில், ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்து வீடுகள் ஒட்டிக் கிடந்த லயத்தின் கடைசி "காம்பரா" எங்களுடையது.

அப்பா அதற்கு முன் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பழைய துரை சீமைக்குக் கப்பலேறியதும், புதிய துரை தன்னுடைய சமையல்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்து வருடம் மாப் பிசைந்த கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கதவுக் கொண்டியைக் கழற்றி மாட்டுவார், "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் வாசல் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடப்பார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதியிலிருந்த கள்ளுத் தவறணைக்கு இறங்கிவிடுவார். ஒரு ஆடி மாதம் அம்மா அவரை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அதன்பின் ஆறு மாதம் அவர் தவறணைப் பக்கம் போகவில்லை.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. என்னை ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்று அம்மா முடிவு செய்தபோது, நாளும் போய்வரப் பஸ் காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. வீட்டில் குறைக்கக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், காலையில் பெட்டியைத் தலையில் சுமந்து வரும் பாண்காரரிடம் வாங்கும், பேக்கரியில் பொங்கவைத்துச் சுட்ட பாண். கல்லில் தட்டி ரொட்டி சுடலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடிவதற்குள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கவேண்டிய அம்மாவுக்கு அதற்கு நேரமில்லை, முதல் நாளே சுட்டு வைத்தால் அது செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். தோட்டத்தில் கொடுக்கும் மா வீட்டில் இருந்தது. பாணைத் தானே சுடுவதாக அப்பா சொன்னார். சொன்னபோது அவர் நடந்துகொண்டிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் மா பொங்குவதற்குக் கள்ளு வேண்டும். அம்மா கவ்வாத்தில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு, "பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க," என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

அப்படித்தான் சனிக்கிழமைதோறும், அரைநாள் வேலை முடிந்ததும், நானும் அப்பாவும் ஒரு போத்தலோடு தவறணைக்குப் போகத் தொடங்கினோம். நான் வேலிக்கு வெளியே நிற்பேன். அவர் உள்ளே போய், நான் நூறு எண்ணி முடிப்பதற்குள் திரும்பிவிடுவார். மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் மணல் பரப்பி, மூடியின்மேல் தணல் அள்ளிப் போட்டு அவர் சுட்ட பாண், பங்களாப் பாணைவிட நன்றாக இருந்ததாக லயத்தில் சொன்னார்கள். நான் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் திரும்பும்போது அம்மா லயத்து முனையில் நின்றுகொண்டிருப்பாள். அவள் பார்வை முதலில் போத்தலுக்குப் போகும், அப்புறம் அப்பாவின் முகத்துக்கு.

அந்தச் சனிக்கிழமை நான் நூறைத் தாண்டி ஐந்நூறுவரை எண்ணினேன். மழை தூறியது. அவர் வெளியே வந்தபோது போத்தல் பாதிக்குமேல் காலியாக இருந்தது, கண்கள் சிவந்திருந்தன. அன்று காலையில் கவ்வாத்து மலையில் கங்காணி எல்லார் முன்னாலும் அவரை "பங்களாக்காரன்" என்று கேலி பேசிய கதையை நடந்தபடியே எனக்குச் சொன்னார். பாதி வழியில், மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே போத்தலைப் பிடித்துக் கழுத்துவரை நிரப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

"அம்மாட்ட சொல்லிறாத புள்ள," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சொல்லியிராவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். சொன்னால் கள்ளு நிற்கும், கள்ளு நின்றால் பாண் நிற்கும், பாண் நின்றால் என் பஸ் நிற்கும் என்று மேட்டில் ஏறும்போதே நான் யோசித்து முடித்திருந்தேன்.

அன்று மா பொங்கவில்லை. நாங்கள் குளிரில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அப்பா அதை அப்படியே சுட்டார். அம்மா ஒரு துண்டை உடைக்கப் பார்த்தாள், முடியவில்லை. தேத்தண்ணியில் ஊறவைத்து எங்களுக்குக் கொடுத்தாள். என்ன நடந்தது என்று இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நினைத்தபடியே நான் ஊறிய துண்டைத் தின்றேன். அவள் கேட்கவில்லை. வாரம் முழுதும் நான் பஸ்ஸிலும் வகுப்பிலும் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா போத்தலை எடுத்தபோது அம்மா அடுப்பு மூலையிலிருந்து ஒரு டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பொங்காத மாவில் ஒரு உருண்டையை அவள் சுடாமல் எடுத்துவைத்து, ஒரு வாரமாகக் கொஞ்சம் மாவும் சீனியும் சேர்த்து ஊட்டி வந்திருக்கிறாள். டின் நிறைய நுரைத்துப் போய் இருந்தது.

"தோச மாவுக்குப் பழைய மாவு கலக்குறதில்லையா, அது மாதிரி. இனிமே அங்க போக வேணாங்க," என்றாள்.

அப்பா போத்தலைத் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். ரோட்டு வளைவுவரை போவதும் திரும்புவதுமாக இரண்டு மூன்று தடவை அவர் நடந்ததை நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து கையைக் கழுவிக்கொண்டு மாவின் முன்னால் உட்கார்ந்தார். அன்று பாண் பொங்கியது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் குடிக்கப் போகும்போது தனியாகப் போனார், வெறுங்கையோடு போனார். நான் படித்து முடிக்கும்வரை வீட்டில் பாண் நிற்கவில்லை.

நான் டீச்சராகி, அப்பாவும் காலமாகி, வருடங்கள் பல கழித்துத்தான் அம்மாவிடம் அதைக் கேட்டேன், ஏன் அன்று என்னை ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்று.

"கேட்டிருந்தா நீ அப்பாவக் காட்டிக் குடுக்கணும், இல்லாட்டி எங்கிட்ட பொய் சொல்லணும்," என்றாள். "பதினோரு வயசுல அது ரெண்டும் ஒனக்கு எதுக்கு?"

போன வருடம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் தகரக் கூரையோடு தனித்தனி வீடுகள் நிற்கின்றன. பீலியைக் காணோம், குழாய் வந்துவிட்டது. பாட்டுப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டோ பாண் விற்றுப் போகிறது. அம்மாவும் இப்போது இல்லை. அன்று அவள் கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன், பஸ்ஸுக்காக. அதை அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.