கைநாட்டு இல்லாத மனு

அச்சன்புதூர் சொரிமுத்து குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்க்க வந்தது இருபத்துமூன்றாம் வருஷத்துச் சாரலில். அவன் கைபட்ட கதவு பத்து வருஷத்துக்குக் கிறீச்சிடாது. அவன் சாய்ந்த சுவரில் காக்கை உட்கார்ந்தால் வழுக்கி விழும். அந்தக் கை பெரிய மனிதர் முதுகையெல்லாம் தொடலாம். ஆனால் அவர்கள் குளிக்கிற சத்திரத்துத் துறையில் அவன் இறங்கக் கூடாது. கீழே, அவர்கள் கழுவிவிட்ட எண்ணெயும் சீயக்காயும் மிதந்து வருகிற இடத்தில்தான் இருபத்தைந்து வருஷம் குளித்தான்.

நாற்பத்தெட்டாம் வருஷச் சாரலுக்கு வந்த தென்காசி வக்கீல் ஆவுடையப்பன், அவனிடம் முதுகைக் கொடுத்துக்கொண்டே ஒரு புத்தகம் படித்தார். தேசத்துக்கு எழுதுகிற அரசியல் சட்டத்தின் வரைவு நகலாம். கிணறு, குளம், சாலை எல்லாருக்கும் பொது என்று உரக்க வாசித்தார்.

"குளிக்கிற தொறை இருக்கா ஐயா?"

வக்கீல் இரண்டு தடவை தேடினார். "இல்லையே! கேட்டு எழுதுவமா? யாரு வேணாலும் டெல்லிக்கு எழுதலாம்லே."

அன்றைக்கே மனு எழுதியாயிற்று. கைநாட்டு வைத்தால் ரேகைக்குப் பதில் எண்ணெய்தான் பரவியது. மூன்று தாள் பாழ்.

"இதுவே போதும், அனுப்பு."

"வேண்டாம் ஐயா. வடை பொதிஞ்ச தாளுன்னு கசக்கிப் போட்டுருவாவ. சாரல் முடியட்டும், கையத் தேய்ச்சுக் கழுவிட்டு வைக்கேன்."

நாலாவது தாளில் எழுதிக் கொடுத்த வக்கீல், ஐப்பசியில் டெல்லியில் சட்டம் எழுதுகிற சபை கூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாரல் முடிந்தது. சாம்பல் போட்டான், ஆற்று மணல் போட்டான். நாளைக்கு இன்னும் தெளிவாய் விழும், நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே ஐப்பசி கழிந்தது.

மறு ஆனியில் வக்கீல் வந்ததும் கூவினார்: "ஏ சொரிமுத்து, காரியம் பலிச்சுட்டு! தொறையும் சேத்தாச்சு!"

"நான் அனுப்பலையே ஐயா."

"அப்ப வேற யாரோ கேட்டிருக்கான்."

"வந்த தாளையெல்லாம் என்ன செய்வாவ?"

"கட்டுக் கட்டாப் பத்திரமா வைப்பாவ. பின்னால வாறவன் பாக்கணும்லா?"

சொரிமுத்து அன்றைக்கு யார் முதுகையும் தொடவில்லை.

"தொறைதான் கெடைக்கப் போகுதுல்லா? பெறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு?" என்றாள் மனைவி உச்சிமாகாளி. "கேட்ட புண்ணியவானக் கூட்டியாரும். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்ச்சுவிடும்."

"தேய்ப்பேன். ஆனா அவன் தாளுக்கு மேல என் தாளும் கெடந்திருக்கணும், ஏட்டி."