ஐஸ் கட்டிக்கு நடுவே ஒரு ஹீட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் கவரைப்பேட்டை மெயின் ரோட்டோரம் எனக்குச் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. ஒரு சித்திரை மாதம், நீலகிரியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர் ஒருவர், மெட்ராஸில் ஏலம் எடுத்த பழைய ராணுவ ஆம்புலன்ஸோடு வந்து நின்றார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி. அதற்குள் ஹீட்டர் வைக்க வேண்டுமாம். தார் உருகுகிற ஊரில் ஹீட்டரா என்று அக்கம்பக்கமெல்லாம் ஒரே சிரிப்பு.

காரணத்தைச் சொன்னதும் நான் சிரிப்பை நிறுத்தினேன். மலைக் கிராமத்திலிருந்து பிள்ளை பெற்றவளை ஜீப்பில் கொண்டுபோகும்போது, பச்சைக் குழந்தை குளிரில் விறைத்து அவர் மடியிலேயே போய்விட்டது. மூன்று மெக்கானிக்குகள் முடியாது என்று கைவிரித்துவிட்டார்களாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போங்கள் சார் என்றேன்.

சைலன்சர் பைப்பைச் சுற்றித் தகரக் கூடு அடித்து, அந்தச் சூட்டுக் காற்றை வண்டிக்குள் திருப்பினேன். முடித்த பிறகுதான் உறைத்தது. ஏற்கெனவே கொதிக்கிற வண்டியில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பழவேற்காட்டு மீன் விற்கும் பெண்ணிடம் போய் ஐஸ் கேட்டேன்.

"இன்னா மேஸ்திரி, மீன வுட்டுட்டு வெறும் ஐஸு கேக்குற?"

"வண்டில கைக்கொயந்த போவணும்மா. அதுக்குத்தான்."

கைக்குழந்தை என்றதும் அவள் எழுந்துவிட்டாள். மிச்சமிருந்த ஐஸையெல்லாம் சாக்கோடு தூக்கிக் கொடுத்து, சாக்கைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

உச்சி வெயிலில் வண்டிக்குள் சுற்றிலும் ஐஸை அடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சில்லென்றிருந்தது. பிறகு கதகதப்பு ஏறியது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரே பூரிப்பு. தலை லேசாக வலித்தது, கண் சொருகியது. கதகதப்பான சுகத்தில் தூக்கம் வருகிறது என்றுதான் நினைத்தேன். பழைய சைலன்சர் பைப்பில் இருந்த விரிசல் வழியாக எஞ்சினின் விஷப் புகை உள்ளே கசிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஐஸில் அடித்த மீன் நாற்றத்தில் புகை நாற்றம் அமுங்கிப் போயிருந்தது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். சாக்கு வாங்க வந்தவள்தான் கதவைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, அவள் திரும்பவும் வண்டிக்குள் ஏறி ஐஸ் கட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கொயந்த எங்கய்யா? ஐயோ, கொயந்த எங்க?"

வண்டிக்குள் நிஜமாகவே ஒரு குழந்தை இருப்பதாக அவள் நினைத்துவிட்டாள். அப்படியே வண்டியைக் கொடுத்திருந்தால், குளிர் செய்ததை என் கையாலேயே செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் அந்தக் கூட்டைப் பிரித்து எறிந்தேன். ரேடியேட்டரின் சுடுதண்ணீரைச் செம்புக் குழாயில் உள்ளே கொண்டுவந்து, ஒரு சின்ன ஃபேனை வைத்துச் சூட்டை வீசச் செய்தேன். சைலன்சர் பைப்பையும் புதிதாக மாற்றி, அதற்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் அடைத்தேன். செம்புக் குழாய் நான்கு முறை ஒழுகியது, ஐந்தாவது முறை ஒழுகல் நின்றது. மறுபடி ஐஸ் கேட்டுப் போனபோது அவளும் கூடவே வந்துவிட்டாள்.

"நான் வெளிய குந்திக்கினு தட்டுவேன். நீ உள்ளருந்து தட்டணும். தட்டல, கதவ ஒடச்சிருவேன்."

ஐஸ் அத்தனையும் உருகி முடியும்வரை தட்டினாள். நானும் வியர்க்க விறுவிறுக்கத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

மார்கழியில் டாக்டர் கடிதம் போட்டார். வண்டியிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்து, நலமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததாம். ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் அவளிடம் படித்துக் காட்டினேன். மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அப்ப கொயந்த கெடச்சிட்ச்சு" என்றாள்.

அன்றிலிருந்து எந்த வண்டியை முடித்தாலும், அவள் தேடிய மாதிரி உள்ளே ஒரு தரம் குனிந்து தேடிப் பார்க்காமல் நான் சாவியைக் கொடுத்ததில்லை.