காலி சீட்டின் பெல்ட்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது. எடைச் சீட்டு ஐந்தும் இன்னும் என் பர்ஸில் இருக்கின்றன.

பின் சக்கரம் தள்ளுகிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என் ஒன்பது வருட ஆசை. ராயபுரத்தில் பழைய கார் விற்கும் செங்குட்டுவனிடம் இரண்டு இருந்தன. சிவப்பு சீறிப் பாயும், ஆனால் வளைவில் பின்பக்கம் வழுக்கும். வெள்ளி நிறத்தது கொஞ்சம் மந்தம், ரோட்டை விடாது. அன்று மாலைக்குள் நான் ஒன்றைச் சொல்லாவிட்டால் இரண்டும் பெங்களூருக்குப் போய்விடும். எனக்கோ மனசு நிலைகொள்ளவில்லை.

இந்த மாதிரி வண்டிக்கு எடை முக்கியம். எண்ணூர் பக்கம் லாரி நிறுக்கும் எடை மேடைக்கு நானும் செங்குட்டுவனும் ஆளுக்கொன்றாக ஓட்டிப் போனோம். என்னுடையது சிவப்பு. வழி முழுக்க ‘டிங்... டிங்...’ என்று சீட் பெல்ட் மணி. பக்கத்து சீட்டில் ஆளே இல்லை. எரிச்சலில் காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினேன். சத்தம் நின்றது.

மாலை 5.12. வெள்ளி நிற வண்டி, 1250 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே.

5.20. சிவப்பிலிருந்து இறங்கி நின்றேன். 1305. புத்தகத்திலோ 1240!

டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி மட்டும்தான். மறுபடி நிறுத்தோம். அதே 1305. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மெசினு ரிப்பேரா?” என்று எடை போடும் பொன்னுரங்கத்திடம் கத்தினேன்.

“காலைலேர்ந்து நாப்பது லாரி ஏறிக்கீது பாய். உன் வண்டில இன்னா வச்சிக்கீற?”

சீட்டுக்கு அடியில் பார்க்க இடது கதவைத் திறந்தேன். பெல்ட் விறைப்பாக இருந்தது... ஆள் உட்கார்ந்தால் இருப்பது போல. வெறுப்பில் பட்டனை அழுத்திக் கழற்றினேன்.

வண்டி லேசாக எழும்பியது.

5.34. மறுபடி எடை. 1240.

“சிவப்பு வேணாம். வெள்ளியே குடு” என்றேன் செங்குட்டுவனிடம்.

6.05. திருவொற்றியூர். வெள்ளியில் நான் மட்டும்.

டிங்...

டிங்...

வண்டியைத் திருப்பினேன்.

6.31. எடை மேடை. இறங்கி நின்றேன். 1315.

பொன்னுரங்கம் எடைச் சீட்டை நீட்டினார்.

மறுநாள் செங்குட்டுவனை போனில் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னான்.

“சிவப்பு ஒருவாட்டி கால்வாய்ல வுழுந்துட்ச்சி பாய். ஓட்டுனவரு தப்பிச்சிட்டாரு. பக்கத்துல குந்திக்கினு இருந்த தம்பிக்கு பெல்ட்டு சிக்கிகிச்சி. தண்ணி கழுத்துக்கு வர்ற வரிக்கும், ‘கழட்டி வுடு, கழட்டி வுடு’ன்னு அந்தத் தம்பி கத்திகினே இருந்தாராம்...”

கழற்றி விட்டது நான்.