வால் பக்கத்து ஆள்

இடது உள்ளங்கையைக் காற்றாலை இறக்கையின் நுனியில் பதித்தபடிதான் அப்துல் முத்தலிப் நடப்பார். வண்டி ஊருக்குள் நுழைந்ததும் ட்ரெய்லரின் பின்பலகையிலிருந்து இறங்கிவிடுவார். ஊர் முடியும்வரை அந்தக் கையை எடுக்கமாட்டார். சுவர், மின்கம்பம், கடைச் சாய்ப்பு எல்லாவற்றையும் கண் பார்த்துக்கொண்டு வரும். இறக்கை எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதைக் கை சொல்லும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கொட்டகையில் கண்ணாடி இழையால் காற்றாலை இறக்கைகளை வார்க்கிறார்கள். எடை பார்த்து மூன்று மூன்றாகச் சேர்த்தவை. மூன்றில் ஒன்று அடிபட்டாலும் மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். அவை போய்ச் சேரும் இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் கம்பெனி போட்டிருக்கும் முகாம். அங்கே உப்பளங்களுக்கு நடுவில் கோபுரங்கள் தலையில்லாமல் நிற்கின்றன.

இறக்கையின் பருத்த அடிப்பக்கம் கேபினை ஒட்டிக் கிடக்கும். மெலிந்த நுனி, சிவப்புத் துணி கட்டி, ட்ரெய்லரைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி இடப்புறம் திரும்பினால் நுனி வலப்புறம் வீசும். ஜனங்கள் வண்டி திரும்புகிற பக்கத்தைப் பார்த்துத்தான் ஒதுங்குவார்கள். அடி விழுவது மறுபக்கத்தில். முன்னால் போகிறவனுக்குப் போக வேண்டிய இடம் கண்ணில் நிற்கிறது. கடந்தாயிற்று என்று எல்லோரும் மறந்துவிட்ட இடத்தில் முத்தலிப்பின் வேலை தொடங்குகிறது.

ஐம்பதைத் தாண்டியவர். கட்டம் போட்ட கைலி, காக்கிச் சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் விசில். இனிமையான மனிதர் என்று சொல்வதற்கில்லை. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். ஏன் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். தான் சொன்னதை எதிராளி தானாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அதனால் அவருக்கு நஷ்டம்தான் அதிகம்.

ஆனால் வழியில் நின்று, இது என்ன என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார். ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்கும் ஜெகதாம்பாளிடம் முதல் தடவை, "ஆகாசத்துக்கு ஃபேனு" என்றார்.

"அட போ பாயி. மூணு வாரமா இட்டுக்கினு போற. எங்க ஊட்ல ஒரு புழுக்கமும் போவல" என்று அந்த அம்மாள் இப்போதும் விடாமல் வம்பிழுக்கிறாள்.

"சுவிட்சு தூத்துக்குடியில கீது. போய் போட்டுக்கினு வா."

இவ்வளவு பேசினால் அன்று முழுவதற்கும் போதும்.

இறக்கை வெள்ளிக்கிழமை முற்பகலில்தான் கிளம்பும். அந்த ஏற்பாடு பாஸ்கரனுடையது. கம்பெனியின் போக்குவரத்தைக் கவனிப்பவர். ஜீப்பில் முன்னால் போவார். பூவிருந்தவல்லி கடைத்தெருவின் வளைவுதான் வழியிலேயே இக்கட்டான இடம். ஜும்மா தொழுகைக்காக அங்கே பாதிக் கடைகள் அடைத்துவிடுகின்றன, தெரு காலியாகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். கணக்கு சரிதான். தெருவைக் காலி செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குள் போகிறவர்களில் தன்னுடைய வால் பக்கத்து ஆளும் ஒருவராக இருக்க வேண்டியவர் என்பது மட்டும் அதில் வரவில்லை.

முதல் இறக்கை புறப்பட்ட வெள்ளியன்று முத்தலிப் பள்ளிவாசலைக் கடந்து நடந்தார். இரண்டாவது புறப்பட்ட வெள்ளியன்றும் அப்படியே. இரண்டு தடவையும் பிரசங்கம் தொடங்குவதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு வண்டலூர்வரை நிற்க வழியில்லை. மூன்றாவது இறக்கைக்குக் குறித்த நாள் ரமலானின் கடைசி வெள்ளி.

அன்று விடியுமுன், நோன்பு வைக்கும் சஹர் நேரத்துக்குச் சோறு போட்டபடியே மனைவி ஃபக்ருன்னிசா சொன்னாள்: "வரிசையா மூணு ஜும்மா உட்டவன் மனசுல முத்திரை உழுந்துடும், அப்பால நல்லது எதுவும் உள்ளாற ஏறாதுன்னு சொல்வாங்க. ரெண்டு ஆயிடுச்சு. நீங்க இன்னா பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியாது."

முத்தலிப் முந்தின வாரமே பாஸ்கரனிடம் பேசிப் பார்த்திருந்தார்.

"வர்ற வெள்ளி வேணாம் சார்."

"லீவு வேணுமா பாய்? மார்ச் முடியறதுக்குள்ள அந்தக் காத்தாடி சுத்தியாகணும். அங்க கிரேன் வந்து நிக்குது. இது ஒண்ணு முடிச்சுக் குடுங்க, அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

லீவுக்காகக் கேட்கவில்லை, கடைசி வெள்ளியன்று பள்ளிவாசல் கொள்ளாது, தெருவில் பாய் விரிப்பார்கள் என்று முத்தலிப் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது ஊருக்கே தெரிந்ததுதானே என்று நினைத்தார். இவர் நெடுங்காலம் பூவிருந்தவல்லியில் இருப்பவர், அவர் சேக்காட்டிலிருந்து ஜீப்பில் வருபவர். ஒருவருக்குத் தெரிந்த ஊர் மற்றவருக்குத் தெரிந்த ஊர் அல்ல.

பருத்திப்பட்டில் பின்சக்கரம் ஒன்று பஞ்சராயிற்று. அதைச் சரிசெய்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நோன்பில் வறண்ட நாக்கோடு முத்தலிப் ஏரிக்கரைக்குப் போய்க் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு வந்தார். டிரைவர் கஜபதி அதைக் கண்ணாடியில் பார்த்தான்.

"இன்னா நைனா, இன்னிக்குத் தொழுதுடலாம்னு கீறியா?"

"வண்டிய எடு."

வளைவுக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் நிரம்பி, வாசல் நிரம்பி, தெருவின் வலப்பக்கம் பாதிவரை பாய்களும் துண்டுகளும் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்க முனையில் மீன் கூடைகள் ஏற்றிய ஒரு டெம்போ நின்றது. கஜபதி ஓட்டத்திலேயே இடப்புறம் ஒடித்துத் திருப்பினான். வண்டியின் முகம் டெம்போவுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றபோது, நுனி உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலே போயிருந்தது. முத்தலிப்பின் கையும் அதோடு போயிருந்தது.

விசிலை எடுத்தவர் ஊதவில்லை. பிரசங்கம் நடக்கும்போது அந்த வாசலில் ஊத முடியாது. வளைவில் கஜபதியின் கண்ணாடிக்கு அவர் தெரியமாட்டார். ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். எஞ்சின் சத்தத்தில் அது கஜபதிவரை போனதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பாஸ்கரன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது.

"பாய், ஒரு ரிவர்ஸ் எடுத்து ஒடிச்சா போயிடலாம்."

"எடுத்தா வாலு இன்னாண்ட வீசும் சார். இன்னாண்ட ஜனம் குந்திகினு கீது." முத்தலிப் தணிந்த குரலில் சொன்னார்.

"கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்க."

"பிரசங்கத்துல அவங்க வாயத் தொறக்கக் கூடாது சார். எழுந்திருக்கவும் மாட்டாங்க."

"டெம்போக்காரர் எங்க?"

"உள்ளாறதான்."

பாஸ்கரன் பஸ்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. கடலோர முகாமிலிருந்து காலையில் வந்த போன் அவர் காதைவிட்டு இன்னும் இறங்கவில்லை. "மெதுவா, அங்குலம் அங்குலமா எடுப்போம். நீங்க நுனியப் புடிச்சுக்குங்க. நீங்க புடிச்சா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கேபின் பக்கம் போனார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பாராட்டு இருந்தது. அதுதான் முத்தலிப்பைப் பயமுறுத்தியது. அவர் பிடிப்பதால் நுனி நிற்பதில்லை. அது எங்கே போகிறது என்று அவருக்கு முன்கூட்டித் தெரிகிறது, அவ்வளவுதான். நிறுத்துவது கஜபதியின் கால்.

பிரசங்கம் முடிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தோளோடு தோள் சேர்த்து வரிசை கட்டினார்கள். இறக்கையின் அடியில் நின்றவர்களில் உயரமானவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் ஒலித்தது. முன்னால் பாஸ்கரன் கையை அசைத்தார், வண்டி ஒருமுறை நடுங்கியது முத்தலிப்பின் கைக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டு நின்றால் மூன்றாவது ஜும்மாவும் போகும். விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றால் வண்டி பின்னால் வரும், அதே வரிசையின்மேல்.

நுனியை விட்டார். ட்ரெய்லரின் நீளத்துக்கும் ஓடினார். பாஸ்கரன் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. கேபின் படியில் ஏறி, ஜன்னல் வழியே கையை விட்டு, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தார். எஞ்சின் உதறி அடங்கியது. கஜபதியின் முழங்காலைத் தாண்டிச் சாவியை உருவினார்.

"இன்னா பாயி இது, வண்டிய வித்துடப் போறியா?" என்றான் கஜபதி. ஆனால் கையைக் குறுக்கே நீட்டவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"பாய், சாவியக் குடுங்க. பின்னால எத்தனை வண்டி நிக்குது பாருங்க" என்றார் பாஸ்கரன்.

"தொழுதுட்டுத் தர்றேன் சார்."

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமை எஸ்டேட் வாசலில் ஒட்டும் ஆள் பட்டியலில் தன் பெயர் இருக்குமா என்ற நினைப்பு கூடவே ஓடியது. கடைசி வரிசையின் ஓரத்தில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இறக்கையின் நிழல் அங்கே ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருந்தது. உள்ளே இமாம் தொழுகையைத் தொடங்கும் தக்பீர் சொன்னார். ஹாரன்கள் ஓயவில்லை.

சட்டையில் பை இருந்தது. முத்தலிப் அதில் போடவில்லை. கைகளைக் காதுவரை உயர்த்தி, இறக்கி, வயிற்றின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டபோது, மேலே இருந்த கையின் இறுக மூடிய விரல்களுக்குள் சாவி இருந்தது.